கரட் கலத்திலிருந்து விதையே இல்லாமல் முளையம் எப்படி உருவாகிறது? அதில் ஓமோன்களின் பங்கு என்ன?

கேட்டவர் உயர்தர உயிரியல் மாணவர் என்று நினைக்கிறேன். நான் இதில் சறுக்கிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

இறுதியாண்டு ஆய்வுக்குக் கரட் இழைய வளர்ப்பை எடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய கரட்டை வில்லை வில்லையாக வெட்டி, லீற்றருக்கு 1 மில்லிகிராம் 2,4-டி கலந்த ஊடகத்தில் வைத்தேன். சில கிழமைகளில் வெளிர்மஞ்சளாக, உதிரிப் புட்டு மாதிரிக் கலத்திரள் வந்தது. அதுதான் காலஸ். இனி முளையம், அதாவது விதைக்குள் இருக்கும் குட்டித் தாவரம் போன்றது, வரும் என்று அதே ஊடகத்துக்கே மாற்றி மாற்றி வைத்தேன். இரண்டு மாதமாகப் புட்டுத்தான் பெருகியது. கடைசியில் ஆய்வுகூடத்து அண்ணை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மருந்தை நிப்பாட்டிப் பாரும்" என்றார்.

விசயமே அதுதான். ஒட்சின் என்பது ஒரு தாவர ஓமோன், 2,4-டி அதன் செயற்கை வகை. கூடுதலாக அடித்தால் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் களைநாசினியும் அதுவே. கொஞ்சமாகக் கொடுத்தால், கிழங்கில் சும்மா கிடந்த கலம் பழைய வேலையை விட்டுவிட்டுப் பிரியத் தொடங்கும், முளையமாகும் தகுதியும் பெறும். ஆனால் முளையம் உருவம் எடுக்க ஒட்சின் ஓரிடத்தில் கூடியும் இன்னோரிடத்தில் குறைந்தும் இருக்கவேண்டும். வேர் எந்தப் பக்கம், வித்திலை எந்தப் பக்கம் என்பது அந்த வித்தியாசத்தில்தான் தீர்மானமாகிறது. வெளியிலிருந்து 2,4-டி எல்லாக் கலங்களையும் ஒரேமாதிரி நனைத்துக்கொண்டிருந்தால் அது எப்படி நடக்கும்? உருண்டை நிலைக்கு அப்பால் போகாது. நிறுத்தினால் முளையம் தன் சொந்த ஒட்சினைக் கலத்துக்குக் கலம் கடத்தி, முதலில் இதய வடிவத்துக்கும் அப்புறம் நீண்ட டோப்பிடோ வடிவத்துக்கும் வரும். எனக்கும் வந்தது.

மற்ற ஓமோன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைற்றோகைனின் கலப்பிரிவுக்கு உதவும். 1958இல் கரட் கலங்களிலிருந்து முளையம் போன்ற அமைப்புகளைக் காட்டிய தாவரவியலாளர் ஸ்ருவாட்டின் குழு ஊடகத்தில் சேர்த்தது தேங்காய்த் தண்ணீர். அதில் சைற்றோகைனின் இயற்கையாகவே உண்டு. அப்சிசிக் அமிலம் முளையம் அவசரப்பட்டு முளைக்காமல் தடுத்து, உணவைச் சேமிக்க வைக்கும். ஜிபரெலின் தொடக்கத்தில் பெரும்பாலும் இடைஞ்சல்தான், முளைக்கும் நேரத்தில்தான் பயன்படும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீர்வேலிப் பக்கம் தோட்டக்காரர் நடுகிற இழைய வளர்ப்பு வாழைக்கன்றுகள் பொதுவாக இந்த வழியில் வருபவையல்ல. அங்கே குருத்து நுனியை எடுத்து, சைற்றோகைனின் கொடுத்துப் பல குருத்துகளாகப் பெருக்குகிறார்கள். முளைய நிலையே அதில் இல்லை.