கோலாலம்பூரில் குட்டிப் போத்தல் சம்சு விற்கலாமா?

விற்கக் கூடாது. சம்சு என்ற மலிவு மது போல, சாராயத்தில் மணமும் சுவையும் சேர்த்துத் தயாரிக்கும் கலப்பு மதுவை 700 மில்லிலீட்டருக்குக் குறைந்த போத்தலில் அடைத்து விற்க, உணவு விதிமுறைகள் 1985-இல் 2016-ஆம் ஆண்டு செய்த திருத்தம் தடை போட்டது. காரணம் விலை. உள்ளங்கையில் அடங்கும் போத்தல் என்றால் சில ரிங்கிட்டே போதும். அன்றாடக் கூலிக்காரர் தினம் ஒன்று வாங்குவார். பெரிய போத்தலுக்கு அவர் யோசிப்பார். (கூட்டுச் சேர்ந்து வாங்கினால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.)

பெரிய போத்தலிலிருந்து மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி விற்பதும் தப்புதான். அளவு குறைவு, அதோடு, மது உடல்நலத்துக்குக் கேடு என்ற மலாய் எச்சரிக்கை வாசகமும் இருக்காது. உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் கலால் சட்டம் 1976 பாயும்.

வாங்கும்போது மூடியைப் பாருங்கள்: சுங்கத்துறை வரி முத்திரை கிழிந்தோ மறுபடி ஒட்டியோ இருந்தால் தொடாதீர்கள். மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்திருந்தால் வாசனையில் தெரியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கும். 'போதை தெளியட்டும்' என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், போத்தலையும் சேர்த்து.