நரம்பியல் போஸ்டிங்: ஸ்கேன் படத்தைப் பிறகு பாருங்கள்

பெங்களூரில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தும், அவர்களைப் படிக்க அனுப்பிவிட்டுக் கவலைப்படும் பெற்றோரிடமிருந்தும் நரம்பியல் (நியூராலஜி) போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி பற்றி வந்த கேள்விகள் இவை. கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் நியூராலஜி போஸ்டிங். முதல் வருடம் படித்த நியூரோஅனாட்டமி (நரம்பு மண்டல உடற்கூறு) எல்லாம் மறந்துபோச்சு. முழுசாகத் திருப்பிப் படித்துவிட்டு வரணுமா டாக்டர்?
– மூன்றாமாண்டு மாணவி, ராஜாஜிநகர்

வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்தால் போஸ்டிங்கே முடிந்துவிடும். தசைகளை அசைக்க மூளையிலிருந்து இறங்கும் கார்ட்டிகோஸ்பைனல் பாதை எங்கே பக்கம் மாறுகிறது, வலியும் அதிர்வு உணர்வும் எந்தெந்தப் பாதையில் ஏறுகின்றன, தலைக்கும் முகத்துக்குமான கிரேனியல் நரம்புகள் மூளைத்தண்டில் எந்த மட்டத்தில் கிளம்புகின்றன, மூளையின் மூன்று பெரிய தமனிகள் எந்தப் பகுதிக்கு ரத்தம் கொடுக்கின்றன. இவ்வளவு தெரிந்தால் வார்டுக்குள் வரலாம். மீதியை, அந்த நோயாளியைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலமே படியுங்கள்.

ரவுண்ட்ஸில் முதலில் விழும் கேள்வி ‘என்ன நோய்?’ என்பது அல்ல, ‘கோளாறு எங்கே?’ என்பதுதான். இரண்டு காலும் விழுந்து, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல், சிறுநீரும் கட்டிக்கொண்டது என்றால் தண்டுவடம். முகம், கை, கால் மூன்றும் வலப்பக்கம் விழுந்து பேச்சும் போயிருந்தால் இடப்பக்க மூளை. இரு பாதங்களிலும் தொடங்கிச் சமமாக மேலேறும் எரிச்சலும் மதமதப்பும் புற நரம்புகளைக் காட்டும். சர்க்கரை நோயாளிகளிடம் தினமும் பார்ப்பீர்கள். இடத்தைப் பரிசோதனை சொல்லும். நோயை, அது வந்த வேகம் பெரும்பாலும் சொல்லிவிடும்: நொடியில் வந்தால் ரத்தக்குழாய் அல்லது வலிப்பு, நாள்கணக்கில் வந்தால் தொற்று அல்லது அழற்சி, மாதக்கணக்கில் என்றால் கட்டியை நினைக்க வேண்டும், வருடக்கணக்கில் என்றால் தேய்மானம்.

இந்த இரண்டுக்கும் பதில் யோசிக்காமல் எம்.ஆர்.ஐ. படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கும் மாணவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

ஓ.பி.டி.யில் (புறநோயாளிப் பிரிவில்) என்னென்ன பார்க்கக் கிடைக்கும்?
– இறுதியாண்டு மாணவர், கே.ஆர்.புரம்

எண்ணிக்கையில் அதிகம் தலைவலி, வலிப்பு, பக்கவாதம், மதமதப்பு, நடுக்கம். பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடத்துக்கு அனுப்பப்பட்டால் கர்நாடகம் மட்டுமல்ல, அனந்தபூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்களும் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். மனநல மருத்துவமனையாக இருந்த அந்த வளாகம் 1974-இல் இப்போதைய நிறுவனமாக மாறியது. ஆனாலும் ‘நிம்ஹான்ஸுக்குப் போ’ என்பது இந்த ஊரில் இன்னும் கிண்டல் பேச்சுதான். வலிப்புக்கு வந்தவர் ஊரில் யாரிடமும் சொல்லாமல் வந்திருப்பார். குரலை ஏற்றிப் பெயர் கூப்பிடாதீர்கள்.

இந்தப் பக்கத்து விசேஷம் ஒன்று உண்டு: சுடுதண்ணீர் வலிப்பு. தென் கர்நாடகத்தில் இது அரிதல்ல. அண்டாவில் காய்ச்சிய தண்ணீரைச் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றும்போது பிள்ளை பேச்சை நிறுத்தி ஒரே இடத்தை வெறிக்கும். சிலர் நிறுத்தாமல் இன்னும் இன்னும் என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வலிப்புக்கு நடுவில் எடுத்த ஈ.ஈ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும், ஸ்கேனும் அப்படியே. ‘தலைக்கு ஊத்தும்போது மட்டும்தான் வருதாம்மா?’ என்ற ஒரே கேள்வியில் நோய் பிடிபடும். பலருக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே போதும். சிலருக்குத் தலைக்குக் குளிக்கும் முன் மட்டும் குளோபஸாம் என்ற வலிப்பு மருந்து கொடுப்பதுண்டு.

போஸ்டிங் நிம்ஹான்ஸில் என்றால் மூளை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு நிஜ மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

வீட்டில் தமிழ், காலேஜில் இங்கிலீஷ். கன்னடம் காய்கறிக் கடை அளவுக்குத்தான். ஹிஸ்டரி (நோய் வந்த கதை) எப்படி எடுப்பது?
– மாணவி, எஜிபுரா

பரிசோதனைக்குப் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் போதும். ‘கண்ணு முச்சி’ (கண்ணை மூடுங்க), ‘ஹல்லு தோர்சி’ (பல்லைக் காட்டுங்க), ‘நாலிகெ தோர்சி’ (நாக்கைக் காட்டுங்க), ‘கை எத்தி’ (கையைத் தூக்குங்க), ‘யாவாகிந்த?’ (எப்போதிலிருந்து?). மதமதப்புக்கு ‘ஜோமு’ என்பார்கள். வார்டு சிஸ்டரிடம் கேட்டால் மீதியை ஒரே மதியத்தில் கற்றுத் தருவார்.

ஹிஸ்டரிக்கு இது போதாது, கன்னடம் தெரிந்த நண்பரோடு போங்கள். வலிப்பு என்றால் நோயாளிக்கே எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் சாட்சி. அவர் ஊரில் இருந்தால் போனில் பிடியுங்கள். வீடியோ எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

உங்கள் தமிழுக்கும் இங்கே வேலை உண்டு. பக்கவாதம் வந்த ஒரு பாட்டி கன்னடத்தில் சொன்ன எதையும் செய்யவில்லை, அதனால் புரிதலே போய்விட்டது என்று நோட்டில் எழுதியிருக்கும். ஸ்ரீராமபுரத்துத் தமிழ் வீடு என்று தெரிந்து, ‘கண்ணை மூடுங்க பாட்டி’ என்றதும் மூடுவார். பேனாவைக் காட்டி ‘இது என்ன?’ என்றால், ‘அதான்… எழுதறது… எழுதறது’ என்று தவிப்பார். ஆக, புரிதல் இருக்கிறது. பெயர் சொல்வதில்தான் அடைப்பு. அஃபேசியாவை (மூளைக் கோளாறால் வரும் பேச்சு, மொழி இழப்பை) நோயாளி வீட்டில் பேசும் மொழியில் சோதிக்காமல் எழுதக் கூடாது. இரண்டு மூன்று மொழி பேசியவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் பாதிக்கப்படும் என்றோ, ஒரே நேரத்தில் திரும்பும் என்றோ சொல்ல முடியாது.

என்னென்ன வாங்கணும்?
– மாணவர், ஹலசூரு

நீளக் கைப்பிடி உள்ள ரிஃப்ளெக்ஸ் சுத்தியல், அதிர்வு உணர்வைச் சோதிக்க 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க், டார்ச், பஞ்சு. குத்திப் பார்க்கும் ஊசியை ஒருவருக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிடுங்கள். கண்ணுக்குள் பார்க்கும் ஆஃப்தால்மோஸ்கோப்புக்குக் காசைக் கொட்டாதீர்கள், வார்டில் இருக்கும்.

நான் தட்டினால் ரிஃப்ளெக்ஸ் (அனிச்சை அசைவு) வருவதில்லை. சீனியர் தட்டினால் வருகிறது!
– மாணவி, பனசங்கரி

பெரும்பாலும் சுத்தியலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குத்துகிறீர்கள். கைப்பிடியின் நுனியில் பிடித்து, மணிக்கட்டைத் தளர்த்தி, சுத்தியல் தன் எடையில் விழட்டும். கணுக்கால் ரிஃப்ளெக்ஸுக்கு முழங்காலை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்து, பாதத்தை லேசாக மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, தசைநாண் மேல் தட்டுங்கள். கண் பாதத்தில் இருக்க வேண்டாம், கெண்டைக்கால் தசையில் இருக்கட்டும். அப்படியும் வராவிட்டால், நோயாளியை இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லி, இழுக்கும் அந்த நொடியில் தட்டுங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் ‘இல்லை’ என்று எழுதலாம். வயதானவர்களுக்குக் கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் இல்லாமலும் இருக்கலாம்.

பிளாண்டர் (உள்ளங்கால்) ரிஃப்ளெக்ஸுக்கு உள்ளங்காலின் வெளியோரமாகக் குதிகாலிலிருந்து மெதுவாகக் கோடு போடுங்கள். பெருவிரலின் முதல் அசைவுதான் கணக்கு. செருப்பில்லாமல் வயலில் நடந்து காய்த்துப்போன பாதம் என்றால் எதுவும் அசையாது. அப்போது வெளிக் கணுக்காலுக்குக் கீழே கோடு போட்டுப் பாருங்கள்.

வார்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் நான் என்ன செய்யணும்?
– மூன்றாமாண்டு மாணவர், கம்மனஹள்ளி

முதலில் சத்தமாக சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க விடாதீர்கள். உறவினர் சாவிக்கொத்தை நோயாளியின் கையில் திணிப்பார். அவரோடு சண்டை வேண்டாம். சாவியால் பலனும் இல்லை. ‘நான் பார்த்துக்கறேன்மா, தள்ளுங்க’ என்றால் போதும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஸ்டேட்டஸ் (தானாக நிற்காத வலிப்பு), ஊசி மருந்து போட்டே ஆக வேண்டும். அதை டியூட்டி டாக்டர் பார்த்துக்கொள்வார். எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, தலையும் கண்ணும் எங்கே திரும்பின என்று கவனித்து வைத்தீர்கள் என்றால் அன்று வார்டிலேயே மிக உபயோகமான ஆள் நீங்கள்தான்.

மகள் நியூராலஜி படிக்கப்போகிறேன் என்கிறாள். குணமாகாத வியாதிகளாகவே இருக்குமே, மனசு தாங்குமா?
– ஒரு தந்தை, ஓசூர்

அது பழைய பெயர் சார். பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் வந்தால், தகுந்தவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிறோம். பிரசவமான சில நாட்களில் கடும் தலைவலியும் வலிப்புமாக வரும் பெண்ணுக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கும். ஸ்கேனில் ரத்தக் கசிவு தெரிந்தாலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்கிறோம், பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். கீயென்-பாரே என்ற நரம்பு அழற்சியில் படுத்தவர் எழுந்து நடந்து செல்வதை உங்கள் மகள் பார்ப்பாள். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே போகும் மோட்டார் நியூரான் நோய் போன்றவையும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நாட்களில் வீட்டுக்குப் போன் செய்தால் அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதை: எம்.டி. பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவம், அதன்பின் நுழைவுத் தேர்வு எழுதி மூன்றாண்டு டி.எம். (நரம்பியல் சிறப்புப் படிப்பு).

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன கேட்பார்கள்?
– இறுதியாண்டு மாணவி, ஃபிரேசர் டவுன்

கோளாறு அப்பர் மோட்டார் நியூரானா (மூளையிலிருந்து இறங்கும் பாதை) லோயரா (அங்கிருந்து தசைக்குப் போகும் நரம்பு), முகவாதத்தில் நெற்றி சுருங்குகிறதா, நினைவு மட்டத்தைக் காட்டும் கிளாஸ்கோ அளவு எவ்வளவு. கடைசியாகச் சொன்னதில் வெறும் ‘பத்து’ என்று நிறுத்தாதீர்கள், கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் சொல்லுங்கள். ‘ஸ்கேனில் என்ன இருக்கும் என்று நினைக்கிறாய்?’ என்று தேர்வாளர் கேட்டால், பக்கத்தையும் இடத்தையும் சொல்லிவிட்டு ஸ்கேன் உறையைத் திறங்கள்.