நவம்பரில் வாங்கும் காசு

அன்புள்ள ரீச்சருக்கு,

நான் உங்களிடம் படிக்கவில்லை. என் பெரியம்மாவின் மகள் படித்தார். நீங்கள் எழுதுவதையெல்லாம் அவர்தான் எனக்கு அனுப்புவார். எங்கள் ஊர் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள சல்லி. முகாமைத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறேன்.

இந்த செமஸ்டரில் ‘முயற்சியாண்மை அறிமுகம்’ என்று ஒரு பாடம் இருந்தது. பத்துக் கிழமை வகுப்பு நடந்தது. வணிகத் திட்டம் எழுதினோம். சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு செயலி செய்யப்போவதாக எங்கள் குழு எழுதியதற்கு நல்ல புள்ளி வந்தது. கடைசி நாலு கிழமையும், ஐந்து பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு எதையாவது உண்மையாகவே விற்க வேண்டும் என்றார்கள். எங்களில் ஒருவருக்கும் செயலி செய்யத் தெரியாது. என் அம்மா கருவாடு போடுகிறவர். அவரிடம் சூடைக் கருவாட்டைக் கிலோ 1,300 ரூபாய்ப்படி வாங்கி, 200 கிராம் பைகளில் அடைத்து, நிலாவெளியில் புறாமலைத் தீவுக்குப் படகு ஏறும் இடத்தில் 450 ரூபாய்க்கு விற்றோம். மூன்று கிலோவுக்குப் பை, லேபல், பஸ் எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய் செலவு. வெள்ளைக்காரர் ஒருவரும் வாங்கவில்லை. கொழும்பு, கண்டிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் வீடு திரும்பும்போது வாங்கினார்கள். வந்த காசில் திரும்பவும் வாங்கி விற்று, நாலு கிழமை முடிய 5,000 ரூபாய் 11,200 ஆனது. பாடத்துக்கு ‘ஏ’ கிடைத்தது.

அதன் பிறகு ஒரு நாள் இரவு, வகுப்பில் படித்த கிரயக் கணக்கை அம்மாவின் வேலைக்குப் போட்டுப் பார்த்தேன். 30 கிலோ பச்சை மீன் 10,500. உப்பு, பொலித்தீன் 500. ஓட்டோ 600. கருவாடு 10 கிலோ வரும், 13,000. மிச்சம் 1,400. அதற்கு அம்மா மூன்று நாளில் 20 மணித்தியாலம் வேலை செய்கிறார். மணிக்கு 70 ரூபாய். பட்டினத்துக் கடையில் இதே கருவாட்டை 1,500க்கு எடுக்கிறார்கள். ஆனால் அம்மா எப்போதும் கருவாடு எடுக்கிற முதலாளிக்குத்தான் 1,300க்குக் கொடுப்பார், ஏனென்றால் நவம்பரில் அவர் முற்பணமாகத் தருகிற 40,000 ரூபாயில்தான் நாங்கள் மாரியைக் கழிப்பது.

கொப்பியை அம்மாவிடம் காட்டி, “மணிக்கு 70 ரூபாய்க்கு வேலை செய்யிறீங்கள் அம்மா” என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் விடிய வழக்கம்போலக் கரைக்குப் போனார். இரண்டு கிழமையாக என்னோடு சரியாகக் கதைக்கிறாரில்லை.

விரிவுரையாளர் “வேலை தேடாதே, வேலை கொடு” என்கிறார். அப்பா “அரசாங்க உத்தியோகம் எடு” என்கிறார். நான் படித்ததை வீட்டில் சொன்னது பிழையா? என் கணக்குப் பிழையா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம்தான், “ஏனென்றால்” என்று தொடங்கி நீ போகிற போக்கில் எழுதிய அந்த அரை வரியில் என் கண் நின்றது. நவம்பரில் வாங்கும் 40,000. உன் கணக்கில் மீன் இருக்கிறது, உப்பு இருக்கிறது, ஓட்டோ இருக்கிறது. அந்தக் காசு மட்டும் இல்லை.

கணக்குப் பிழையில்லை. அதில் ஒரு வரி குறைகிறது. அதைச் சேர்த்துப் பார்ப்போம்.

அதே பத்துக் கிலோவைக் கிலோ 1,500க்குக் கொடுத்தால் 15,000 வரும். நீ எழுதிய செலவுகளைக் கழித்தால் மிச்சம் 3,400. அதே 20 மணித்தியாலத்துக்கு மணிக்கு 170 ரூபாய். 2025 ஏப்ரலில் இந்த நாட்டின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,080 ரூபாய் ஆனது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 135. உன் அம்மா இப்போது அதில் பாதியளவுக்கு வேலை செய்கிறார். கிலோவுக்கு 200 ரூபாய் கூடக் கிடைத்திருந்தால் அதைத் தாண்டியிருப்பார். மீன் அதேதான், வெயிலும் அதேதான், காகம் விரட்டும் கையும் அதே கைதான். அவருடைய வேலைக்குப் பெறுமதி குறைவு என்று நீ சொன்னதாக அவருக்குக் கேட்டிருக்கும். பெறுமதி வேறு வழியால் போய்க்கொண்டிருக்கிறது.

எந்த வழி என்றும் பார்ப்போம். மாதம் 60 கிலோ போடுகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். இது என் உத்தேசம், அம்மாவைக் கேட்டுத் திருத்து. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை ஏழு மாதம், 420 கிலோ. கிலோவுக்கு 200 ரூபாய் என்றால் 84,000. நவம்பரில் வாங்கிய 40,000ஐயும் கருவாட்டுக் காசில் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் 84,000 போகிறது. வட்டி என்று அதை ஒருவரும் சொல்வதில்லை. எந்தத் துண்டிலும் அது எழுதப்படுவதில்லை. அதனால்தான் நீ படித்த கிரயத் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நம்முடைய சொல்லைக் கவனி. முதல் என்றால் தொடக்கம்; முதல் என்றால் தொழிலில் போடுகிற காசும்தான். அந்த முதலைக் கையில் வைத்திருப்பவர் முதலாளி. உன் அம்மா அந்த மனிதரிடம் சம்பளத்துக்கு நிற்கவில்லை. மீனைத் தன் காசில் வாங்குகிறார், உப்பைத் தன் காசில் வாங்குகிறார், இரண்டாம் நாள் மழை பெய்தால் நட்டமும் அவருக்குத்தான். இருந்தும் அந்த மனிதரை முதலாளி என்கிறார், நீயும் அப்படியே எழுதுகிறாய். மாரிக்குரிய முதல் அவர் கையில் இருப்பதால் விலையும் அவர் வாயில் இருக்கிறது.

உங்கள் பாடத்தில் கன்டிலோன் என்ற பெயர் வந்திருக்கலாம். ரிச்சர்ட் கன்டிலோன் என்ற பழைய பொருளியலாளர். அவர் இறந்த பிறகு 1755இல் வெளிவந்த கட்டுரையில்தான் முயற்சியாளர் என்பவருக்கு முதன்முதலில் தெளிவான ஓர் இலக்கணம் கிடைத்தது: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்கத் துணிபவர். கரைவலை இழுத்து மீன் கரையேறும் நேரத்தில் சல்லிக் கரையில் நின்று பார். மீன் பட்ட அன்று என்ன விலை என்று அங்கேயே தெரியும். மூன்று நாள் கழித்து அந்த 30 கிலோ பத்துக் கிலோ கருவாடாகுமா, எட்டுக் கிலோவாகுமா, ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டுமா என்று யாருக்கும் தெரியாது. இதை உன் அம்மா எத்தனை வருடமாகச் செய்கிறார்? இந்த இலக்கணத்தின்படி உன் வகுப்பில் இருந்த எவரையும்விடப் பழைய முயற்சியாளர் அவர்.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 28 வருடம் வர்த்தகம் படிப்பித்தேன். இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் புள்ளியைக் கரும்பலகையில் கீறிக் காட்ட, நான் எப்போதும் எடுத்த உதாரணம் ஒரு கதிரைத் தொழிற்சாலை. திருகோணமலையில் நான் கண்டிராத தொழிற்சாலை. வகுப்பின் யன்னலைத் திறந்தால் கடல் காற்று வரும். பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டில் கருவாடோ தயிர்ச்சட்டியோ இடியப்பமோ விற்றார்கள். ஒரு நாளாவது “உங்கட அம்மாவின்ர கணக்கைக் கொண்டு வாங்கோ” என்று நான் கேட்டதில்லை. நீ கேட்காமலே கொண்டுபோனாய். அதற்காக உன்னைத் தலையில் தடவிக்கொடுக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கலாம். நீ எழுதி முடித்த கொப்பியைக் காட்டினாய். அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கலாம். உன் கொப்பியில் உள்ள எண்களில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரிந்தும் வேறு வழியில்லாமல் செய்து வந்ததை, படித்த மகள் ஒரு வரியில் வாசித்துக் காட்டினால் என்ன பதில் சொல்வது?

இனி அந்த மனிதரைப் பற்றி. அவரை வில்லனாக்கி எழுதினால் கடிதம் சுலபமாக முடிந்துவிடும், ஆனால் அது நியாயமாகாது. மாரியில் வாடை வீசி, கரைவலைத் தொழில் நின்று, வெயிலும் இல்லாத மூன்று மாதம், பிணை கேட்காமல் யார் உங்கள் வீட்டுக்கு 40,000 கொடுப்பார்? 2022ஐ நினைத்துப் பார். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த எண்ணெய் ஒரே நாளில் 340 ஆனது. அந்த வருடம் கொடுத்த முற்பணம் திரும்பி வருமா என்று அவருக்கும் தெரிந்திருக்காது. அவர் தாங்குகிற ஆபத்துக்கு ஒரு விலை உண்டு. நான் கேட்பது, அந்த விலை 84,000 ஆக இருக்க வேண்டுமா என்பதுதான்.

அப்படியானால் வேறு இடத்தில் கடன் எடுக்கலாம் என்று உனக்குத் தோன்றும். கவனமாக இரு. இங்கே நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். என் மச்சாள் இரண்டு தையல் மெஷின் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் நுண்கடன் எடுத்தார். திட்டம் எழுதிக் கொடுத்தது நான். வருடத்து வருமானத்தைக் கூட்டி, 12ஆல் பிரித்து, மாதம் இவ்வளவு வரும், தவணை தாராளமாகக் கட்டலாம் என்று எழுதினேன். ஆனால் பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் காசு மார்கழியிலும் தையிலும் வரும். தீபாவளிக்குக் கொஞ்சம் வரும். தவணையோ ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாசலில் வந்து நின்றது. வைகாசிக்குப் பிறகு கையில் காசில்லை. முதலில் காப்பு அடகுக்குப் போனது, பிறகு சங்கிலி. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தபோது, மச்சாளின் சங்கிலி மீட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டிருந்தது. நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. என் 12ஆல் பிரித்த கணக்கின் மேல் அதைவிடக் கூடுதலாக உண்டு. பருவத்துக்கு வரும் காசைச் சராசரியாக்கி ஒரு தாயை நம்பவைத்தேன்.

அதனால் உன் அம்மாவுக்குக் கடன் எடு என்று சொல்ல மாட்டேன். அந்த நவம்பர்க் காசை நீங்களே சேர்க்கப் பாருங்கள்.

நீ செய்த நாலு கிழமை விற்பனை இங்கேதான் உதவுகிறது. பை, லேபல், பஸ் செலவு போகக் கிலோவுக்கு ஏறத்தாழ 583 ரூபாய் உங்களுக்கு மிஞ்சியிருக்கிறது. ஐந்து பேரின் சனிக்கிழமைகளுக்கு நீங்களும் கூலி போடவில்லை, அது வேறு கதை. மாதம் ஆறு கிலோ மட்டும் அப்படி விற்றால் 3,500. ஏழு மாதத்தில் 24,500. அம்மாவின் பெயரில் தபாற்கந்தோர்ச் சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். நவம்பர் வரும்போது முதலாளியிடம் 40,000 கேட்காமல் 15,500 கேட்கலாம். குறைவாகக் கடன்படுகிறவருக்கு விலை பேச வாய் வரும். “இந்த வருசம் பாதியை உங்களுக்குத் தாறன், பாதியைப் பட்டினத்துக்குக் குடுக்கிறன்” என்று அம்மா நேரே சொல்லலாம். ஒளித்து விற்க வேண்டாம். ஊர் சிறியது, அந்த மனிதரின் முகத்தை அடுத்த மாரியிலும் பார்க்க வேண்டும்.

ஏன் ஆறு கிலோ, ஏன் முப்பது இல்லை என்று கேட்பாய். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் படிப்பிக்கும் சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர், பெரிய நிறுவனங்களை எழுப்பிய 27 பேரிடம் ஒரே வகையான சிக்கல்களைக் கொடுத்து, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்த்தார். 2001இல் அதை எழுதினார். எவ்வளவு இலாபம் வரும் என்று தொடங்குவதற்குப் பதிலாக, எவ்வளவு போனால் தாங்குவேன் என்று அவர்கள் தொடங்கினார்கள். கையில் இருப்பது என்ன, தெரிந்தவர்கள் யார் என்பதிலிருந்து நடந்தார்கள். நம் வீடுகளில் கைமுதல் என்று சொல்வது இதைத்தான். ஆறு கிலோவும் மழையில் போனாலும், முதலாளி விலைக்கு 7,800 ரூபாய். வலிக்கும், ஆனால் அடுப்பு அணையாது. முப்பது கிலோ போனால் வீடு நின்றுவிடும். உங்கள் செயலித் திட்டத்துக்குப் புள்ளி கிடைத்தது. அதில் உங்கள் கைமுதல் என்று எதுவும் இருக்கவில்லை. கருவாட்டில் இருந்தது.

லோகோ, பொதி செய்யும் மெஷின் எல்லாம் இப்போது வேண்டாம். தொடர்ந்து விற்பதானால் பிரதேச செயலகத்தில் அம்மாவின் பெயரில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள். உன் பெயரில் பதியாதே.

அப்பாவோடு சண்டை பிடிக்காதே. போரையும் 2004 மார்கழிக் கடலையும் 2022இன் வரிசைகளையும் ஒரே வாழ்நாளில் கண்ட மனிதர், மாதா மாதம் வரும் சம்பளத்தை மகளுக்கு விரும்புவதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. “வேலை தேடாதே” என்று மேடையில் சொல்பவர்களுக்கும் மாதம் முடியச் சம்பளம் வருகிறது. போட்டிப் பரீட்சை வந்தால் எழுது. உத்தியோகம் கிடைத்தால் நவம்பர்க் காசு இன்னும் வேகமாகச் சேரும்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கருவாடு நன்றாகக் காயும். அம்மாவிடம் புதுக் கொப்பி ஒன்றைக் கொண்டுபோ. எழுதும் வேலையை மட்டும் நீ செய். நவம்பரில் யார் எவ்வளவு தந்தார், எந்த மாதத்தில் எப்படிக் கழிந்தது என்று அவர் சொல்லட்டும். முதல் நாள் சொல்லாமல் விட்டால் விடு, இன்னொரு நாள் சொல்வார்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன். பெரியம்மா மகளுக்கு வழி தெரியும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது எனக்கு ஒரு கிலோ சூடைக் கருவாடு வேண்டும், பட்டினத்து விலைக்கு. காசை அம்மாவின் கையில்தான் கொடுப்பேன்.

அன்புடன்,
ரீச்சர்