சென்சாரில் தூசி: கேள்வி பதில்

டிஜிட்டல் கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரில் படியும் தூசி, கறை பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

வானத்தைப் படம் எடுத்தால் எப்போதும் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி தெரிகிறது. ஆட்களை எடுக்கும்போது அது காணாமல் போகிறது. லென்ஸில் கோளாறா?

வேறு லென்ஸ் போட்டு எடுத்துப் பாருங்கள். அப்போதும் புள்ளி அதே இடத்தில் இருந்தால் சென்சார் தூசிதான். லென்ஸின் முன் கண்ணாடியில் இருக்கும் தூசி பெரும்பாலும் படத்தில் தெரியவே தெரியாது.

ஆட்களை எடுக்கும்போது எஃப் 2.8, எஃப் 4 என்று அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை, திறந்து வைத்திருப்பீர்கள் (எஃப் எண் கூடக்கூட துவாரம் சுருங்கும்). சென்சாருக்கு முன்னால் ஒரு மெல்லிய ஃபில்டர் கண்ணாடி உண்டு. தூசி உட்காருவது அதன் மேல்தான். அந்தக் கண்ணாடியின் மேற்பரப்புக்கும் ஒளியை வாங்கும் பிக்ஸல்களுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அபர்ச்சர் திறந்திருந்தால் ஒளி பல கோணங்களில் வந்து தூசியின் நிழலைக் கலைத்துவிடும். எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கினால் ஒளி குறுகலாக வருவதால் நிழல் அழுத்தமாக விழும். மரம், சட்டை, கூட்டம் என்று விவரம் நிறைந்த படத்தில் அந்த நிழல் இருந்தாலும் கண்ணில் படாது. வெறும் வானத்தில் உடனே தெரிந்துவிடும்.

எவ்வளவு தூசி இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 16 அல்லது எஃப் 22, மேனுவல் ஃபோகஸ். வெள்ளைச் சுவருக்கு அருகில் நின்று, ஃபோகஸை முடிவிலிக்குத் திருப்பிச் சுவரை மங்கலாக்கிவிட்டு ஒரு படம் எடுங்கள். ஷட்டர் வேகம் குறைவாக இருந்தால் நல்லதுதான். படம் பதிவாகும்போது கேமராவைச் சற்று அசைத்தால் சுவரின் சொரசொரப்பு கலைந்துவிடும். தூசி மட்டும் அசையாமல் நிற்கும். அப்புறம் கணினியில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள்.

அப்படிக் கூட்டிப் பார்த்தால் புத்தம்புதுக் கேமராவில்கூட நாலு புள்ளி தெரியும். அதைக் கண்டு பதற வேண்டாம். நீங்கள் வழக்கமாக எடுக்கும் படங்களில் தெரியாத தூசியைத் தேடிப் பிடித்துத் துடைப்பதில் பயன் எதுவும் இல்லை. ஆபத்துதான் உண்டு.

படத்தில் மேல் இடது மூலையில் புள்ளி. சென்சாரில் அது எங்கே இருக்கும்?

லென்ஸைக் கழற்றி, கேமராவை நிமிர்த்திப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழாகும், இப்படி எதிரே நின்று பார்க்கும்போது இடம் வலம் மாறாது.

கேமராவிலேயே தூசி உதறும் வசதி இருக்கிறதே, போதாதா?

உலர்ந்த, லேசான தூசிக்குப் பல நேரம் போதும். 2003-ல் ஒலிம்பஸ் இ-1 இந்த வசதியோடு வந்தது. ஃபில்டர் கண்ணாடியை மீயொலி அதிர்வில் நடுங்க வைத்து தூசியை உதிர்ப்பார்கள். இன்று பெரும்பாலான கேமராக்களில் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது. ஆனால் ஒட்டிக்கொண்ட மகரந்தம், எண்ணெய்த் துளி, காய்ந்த ஈரத்தின் தடம் எதுவும் இதற்கு அசையாது.

வாயால் ஊதினால் போகாதா? அழுத்தக் காற்று டப்பா ஒன்றும் கைவசம் இருக்கிறது.

இரண்டும் வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தூசி இருந்த இடத்தில் கறை வந்து சேரும். டப்பாவில் இருப்பது அழுத்தித் திரவமாக்கிய வாயு. டப்பா கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தத் திரவமே சில்லென்று பீய்ச்சி ஃபில்டரில் படிந்துவிடும்.

கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயர்தான் சரியான கருவி. முதலில் வெளியே நாலைந்து முறை அமுக்கி அதற்குள் இருக்கும் தூசியைத் தள்ளிவிடுங்கள். கேமராவின் வாய் தரையைப் பார்க்கட்டும், உதிர்வது கீழே விழும். ப்ளோயரின் முனையை, லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்ட்டுக்கு உள்ளே நுழைக்காதீர்கள். கை நழுவினால் முனை கண்ணாடியில் இடிக்கும். பத்துக்கு எட்டுப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஊதியும் போகவில்லை. ஈர ஸ்வாப் (தட்டையான துணி முனை கொண்ட துடைப்புக் குச்சி) போட்டுத் துடைக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லது, நிதானமாகச் செய்வீர்கள். முதல் வேலை பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்வது. சென்சாருக்கு முன்னால் மடங்கும் ஆடி உள்ள டிஎஸ்எல்ஆரில் சென்சார் சுத்தம் செய்வதற்கென்றே மெனு இருக்கும். அதன் வழியாகத்தான் அந்த ஆடியைத் தூக்க வேண்டும். பட்டனை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையில் செய்யவே கூடாது. பட்டனிலிருந்து விரல் எடுத்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ ஷட்டர் ஸ்வாப்பின் மேலேயே மூடிக்கொள்ளும். ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் சில, அணைத்ததும் ஷட்டரை மூடிவிடும். அந்தத் திரை மெல்லியது, சென்சார் என்று நினைத்து அதைத் தொட்டுவிடாதீர்கள்.

ஸ்வாப் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும்: பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. மறுபடியும் ஒருமுறை ப்ளோயரால் ஊதுங்கள், ஏனென்றால் உதிரி மணல்தான் கீறல் போடும். சென்சாருக்கென்றே விற்கும் திரவத்தை ஸ்வாப் முனையில் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, அது பரவ ஒரு நொடி விடுங்கள். ஒரு ஓரத்தில் வைத்து, தண்டு லேசாக வளையும் அளவு மட்டும் அழுத்தி, மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. எடுத்து, ஸ்வாப்பைத் திருப்பி, துடைக்காத பக்கத்தால் எதிர்த் திசையில் இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. அதே பக்கத்தால் முன்னும் பின்னும் தேய்த்தால், அது பொறுக்கிய துகளாலேயே கண்ணாடியைக் கீறுவீர்கள்.

சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் கேமரா என்றால் இன்னும் மெதுவாக. உங்கள் கேமராவின் கையேடு சொல்லும் முறையைத்தான் பின்பற்ற வேண்டும்.

துடைத்த பிறகு ஓரத்தில் கோடு கோடாகத் தெரிகிறதே?

திரவம் அதிகமாகிவிட்டது. புது ஸ்வாப்பில் ஒரு சொட்டு குறைத்து இன்னொருமுறை இழுங்கள்.

தூசி போலில்லை. நடுவில் வெளிறி, ஓரம் கறுத்த வட்டங்களாக இருக்கின்றன.

எண்ணெயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஷட்டரின் நகரும் பாகங்களிலிருந்து நுண்ணிய துளிகள் தெறிப்பதுண்டு. புதுக் கேமராவில் கொஞ்சம் வந்து பிறகு அடங்குவதும் உண்டு. ஊதினால் போகாது, ஈர ஸ்வாப்தான் வழி. துடைத்துச் சில வாரத்திலேயே திரும்ப வந்தால் நீங்கள் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். சேவை மையத்துக்குக் கொடுங்கள். 2012-ல் வந்த நிகான் டி600-இல் இந்தப் புகார் பெருகி, கடைசியில் 2014-ல் உத்தரவாதம் முடிந்த கேமராக்களுக்கும் நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றித் தந்தது. தயங்காமல் கேளுங்கள்.

இரவுப் படங்களில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். இதுவும் தூசியா?

இல்லை. தூசி ஒளியை மறைப்பது, அதனால் கறுப்பாக, மங்கலாகத் தெரியும். கூர்மையாக மின்னும் வண்ணப் புள்ளி என்றால் சூடான பிக்ஸல். நீண்ட எக்ஸ்போஷரில் கூடும். கோளாறான பிக்ஸல்களைக் கேமராவே கண்டுபிடித்து மறைக்கும் பிக்ஸல் மேப்பிங் வசதி இருந்தால் ஓட்டிப் பாருங்கள்.

வியூஃபைண்டரில் தெரியும் தூசி படத்தில் வரவில்லை.

டிஎஸ்எல்ஆர் என்றால் அது ஃபோகஸ் திரையில், அதாவது வியூஃபைண்டரில் காட்சி விழும் திரையில், இருக்கிறது. விட்டுவிடுங்கள். அந்தத் திரை எளிதில் கீறும்.

தூசி நுழையாமலே வைத்திருக்க முடியுமா?

முழுதாக முடியாது, குறைக்கலாம். பலர் கவனிக்காத இடம் லென்ஸின் பின்பக்கமும் அதன் மூடியும். பையின் பஞ்சும் தூசியும் மூடியின் உட்புறத்தில் சேர்ந்து, அங்கிருந்து கேமராவுக்குள் போகும். மாதம் ஒருமுறை மூடிகளை ஊதி, துடைத்து வையுங்கள். லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாய் கீழே இருக்கும்படி பிடியுங்கள். மாட்ட வேண்டிய லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்தால், கேமரா திறந்திருக்கும் நேரம் குறைந்துவிடும். காற்றடிக்கும் மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும்.

ஏற்கெனவே எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் அதே புள்ளி இருக்கிறதே?

புள்ளி இடம் மாறாது என்பதே உதவி. லைட்ரூம் போன்ற மென்பொருளில் ஒரு படத்தில் ஹீல் கருவியால் சரிசெய்து, அந்தத் திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் நகலெடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். வானத்தில் நன்றாக வரும். புள்ளி யாருடைய முகத்திலோ கட்டட விளிம்பிலோ விழுந்திருந்தால் அந்தப் படத்தைத் தனியாகத்தான் திருத்த வேண்டும்.