கிறிஸ்தவர்கள் 'சமாதானத்தைத் தேட வேண்டும்' என்றால் என்ன?

சண்டை போடாமல் இருப்பது மட்டும் இல்லை. உடைந்த உறவைச் சரிசெய்ய நாமே முதலில் கிளம்புவது, அப்புறம் அது மறுபடி உடையாமல் பார்த்துக்கொள்வது, இரண்டும் சேர்ந்ததுதான். காரணம் எளிது: தேவனே நம்மோடு ஒப்புரவாக, அதாவது முறிந்த உறவைச் சரிசெய்ய, முதலில் இறங்கி வந்தார், அதைப் பெற்றவர்கள் 'எதிராளி முதலில் வரட்டும்' என்று உட்கார்ந்திருக்க முடியாது. பைபிளில் மத்தேயு 5:23-24-ல் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு, உன்மேல் குறை உள்ள சகோதரனிடம் முதலில் போ என்கிறார். தப்பு யாருடையது என்று அங்கே கேட்கவே இல்லை, கவனியுங்கள்! மனஸ்தாபம் கூரை ஒழுகல் மாதிரி, சொட்டாக இருக்கும்போதே அடைத்துவிடலாம், விட்டால் சுவரே ஊறிவிடும். இதற்காக அநியாயத்தையும் வாய் மூடிச் சகிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ரோமர் 12:18 'கூடுமானால் உங்களாலானமட்டும்' என்றுதான் சொல்கிறது, எதிராளி மறுத்துவிட்டால் அந்தப் பாரம் உங்களுடையது அல்ல.