காதில் நீர் கோத்தால் உடனே ஆபரேஷனா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஜூலை கடைசியில் பிடித்த சளி இரண்டு வாரம் விடவில்லை. அதிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, டி.வி. சத்தத்தை ஏற்றி ஏற்றி வைக்கிறான். டிக்டேஷனில் 'படம்' என்று சொன்னால் 'பணம்' என்று எழுதுகிறான் என டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறான் என்று நினைத்து இரண்டு தடவை அடித்தும்விட்டேன். ஆகஸ்ட் 10-ம் தேதி காது டாக்டரிடம் காட்டினோம். இரண்டு காதிலும் நீர் கோத்திருக்கிறது, மூக்கின் பின்னால் அடினாய்டு சதையும் இருக்கிறது, அடுத்த வாரமே ஆபரேஷன் செய்து காது ஜவ்வில் குரோமெட் என்ற சின்னக் குழாய் வைத்துவிடலாம் என்றார். இன்னொரு டாக்டர், தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடுங்கள் என்கிறார். தலைக்குக் குளிப்பாட்டி ஈரத்தோடு விட்டதால்தான் காதில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று மாமியார் தினமும் சொல்கிறார். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார். ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: முதலில் அந்த இரண்டு அடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் அழுத்தி எழுதப்பட்டிருக்கிறது. என் மகளுக்கு மூன்றரை வயதில் இதே தொந்தரவு வந்தது. என்னிடம் பேச வரும்போதெல்லாம் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். நான் பதில் சொல்லும்போது என் வாயசைவைப் பார்க்கத்தான் திருப்புகிறாள் என்று புரியப் பல வாரம் ஆனது. அத்தனைக்கும் நான் தினமும் நாற்பது குழந்தைகளின் காதைப் பார்க்கிறவள். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, சீழும் வடியவில்லை என்றால் எந்த அம்மாவுக்கும் தெரியாது. இன்று ராத்திரி அவனை மடியில் வைத்து, "உனக்குக் கேக்கலைன்னு அம்மாவுக்குத் தெரியாம போச்சுடா" என்று சொல்லிவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

குளிப்பாட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நீர் வெளியிலிருந்து போனது அல்ல. காது ஜவ்வுக்கு உள்பக்கம் காற்று நிறைந்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து அந்த அறைக்குக் காற்று கொண்டுபோக ஒரு குழாய் உண்டு. பெரியவர்களுக்கு அது சரிந்து நீளமாக இருக்கும்; குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்கிறது. காற்று போகாத அறையில் நீர் ஊறுகிறது, நாள்பட்டால் அதுவே கஞ்சிப் பசை மாதிரி கெட்டியாகிறது. ஜவ்வு மூடியிருப்பதால் மேலே ஊற்றும் எண்ணெய் ஒரு சொட்டுகூட அந்த இடத்துக்குப் போகாது. சூடு கொஞ்சம் கூடிவிட்டால் தோல் வெந்துபோகும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இப்போது ரிப்போர்ட். காது ஜவ்வு எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி டெஸ்டில் இரண்டு காதுக்கும் 'பி' என்று போட்டிருக்கிறது. நடுவில் மலை மாதிரி உயர வேண்டிய கோடு தட்டையாகப் படுத்திருக்கிறது பாருங்கள், அது நீர் இருப்பதைச் சொல்கிறது. ஆனால் ஆபரேஷனா இல்லையா என்பதை அந்தக் கோடு தீர்மானிக்காது. அதற்குக் கீழே உள்ள ஆடியோமெட்ரி எண்ணும், அதாவது எவ்வளவு சின்னச் சத்தம்வரை கேட்கிறது என்று அளந்த எண்ணும், நாள்கணக்கும்தான் தீர்மானிக்கும். வலது காது 30 டெசிபல், இடது 35. இருபதுக்குள் இருந்திருக்க வேண்டும். இரண்டு காதிலும் விரலை அடைத்துக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து யாராவது பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட அப்படித்தான் அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. படம் பணமாவது அதனால்தான்.

சளிக்குப் பிறகு இப்படிக் கோக்கும் நீர் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடுகிறது. என் மகளுக்குப் பதினோராவது வாரம் வற்றியது. அதனால்தான் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுத்திருந்து பார்ப்பதை உலகம் முழுக்கக் காது மருத்துவர்கள் முறையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கு நவம்பர் 10-ம் தேதி முடிகிறது. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஆகையால் அடுத்த வாரமே ஆபரேஷன் என்பதை நான் ஏற்கவில்லை. 'விட்டுவிடுங்கள்' என்பதையும் ஏற்கவில்லை. பொறுப்பது வேறு, விட்டுவிடுவது வேறு. நவம்பர் 10-ஐ இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு, அன்றைக்கு மறுபடி இரண்டு டெஸ்டும் எடுக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இந்த வசதி இருக்கிறது.

அன்று ஒரு காதாவது நன்றாகத் தெளிந்திருந்தால் இன்னும் பொறுக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே. இரண்டு காதிலும் கோடு தட்டையாகவே இருந்து, எண்ணும் முப்பதுக்குக் கீழே இறங்கவில்லை என்றால், ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வருஷம் இது. பாதி காதோடு முழுக் கல்வியாண்டை அவன் கடத்த வேண்டாம். மயக்க மருந்துக்கு மனசு வராவிட்டால், கொஞ்ச காலத்துக்குக் காது மெஷின் வைப்பதும் ஒரு வழி.

நடுவிலேயே காதிலிருந்து நாற்றத்தோடு சீழ் வந்தாலோ, ஜவ்வு உள்ளே இழுத்து ஒட்டுகிறது என்று டாக்டர் சொன்னாலோ, கேட்கும் அளவு 40 டெசிபலைத் தாண்டினாலோ நவம்பர் வரை காத்திருக்கக் கூடாது. பேச்சு தாமதமான குழந்தை, அண்ணப்பிளவு உள்ள குழந்தை, டவுன் சிண்ட்ரோம் குழந்தை ஆகியோருக்கும் இந்த மூன்று மாதக் கணக்கு பொருந்தாது. இதைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்.

இந்த ஆறு வாரம் மருந்து என்ன கொடுப்பது? இதுவரை இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக்கும் ஒரு சளி சிரப்பும் கொடுத்ததாகச் சீட்டில் இருக்கிறது. அவை இந்த நீரை வற்ற வைப்பதில்லை. இனி வேண்டாம். மூக்கில் வைத்து ஊதும் ஒரு பலூன் இருக்கிறது. ஒரு மூக்கை மூடிக்கொண்டு, இன்னொரு மூக்கால் அதை ஊதிப் பெரிதாக்க வேண்டும். அப்போது அந்தக் குழாய் திறந்து காற்று உள்ளே போகும். ஆறு வயதுப் பையனுக்கு நன்றாகவே வரும். தினமும் மூன்று வேளை விடாமல் ஊதினால்தான் பலன். சளி கடுமையாக இருக்கும் நாளில் மட்டும் நிறுத்திவையுங்கள். வீட்டில் யாராவது சிகரெட், பீடி பிடிப்பவர் இருந்தால் வாசலுக்குப் போகச் சொல்வதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

டீச்சரிடம் ரிப்போர்ட்டையே காட்டுங்கள். முதல் பெஞ்சு, ஃபேன் சத்தமும் ஜன்னலும் இல்லாத பக்கம். போர்டைப் பார்த்துக்கொண்டு டிக்டேஷன் சொல்லாமல் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டிலும் சமையலறையிலிருந்து கூப்பிடாமல் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுவிட்டுப் பேசுங்கள்.

அடினாய்டு என்பது மூக்கின் பின்னால், அந்தக் குழாயின் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் சதை. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் காது ஆபரேஷன் என்று முடிவானால், அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுபடி நீர் கோப்பது குறைகிறது. ஆகவே முதல் டாக்டர் சொன்னதில் அந்தப் பகுதி சரிதான். குறட்டை விடுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, திணறி விழிக்கிறான் என்றால் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். அதற்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன் வேண்டியிருந்தால் பயப்படாதீர்கள். மயக்கம் கொடுத்து, ஜவ்வில் சின்னதாகக் கீறி, அந்தப் பசையை உறிஞ்சி எடுத்துவிட்டு, பாதி மிளகு அளவு நூல்கண்டு மாதிரி ஒரு பொருளைச் செருகுவோம். அதுதான் குரோமெட். கால் மணி நேர வேலை. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் தானே விழுந்துவிடும். சில குழந்தைகளுக்கு நடுவில் காது வடியும். சொட்டு மருந்தே போதும். நூற்றில் ஓரிருவருக்கு ஜவ்வில் ஓட்டை மூடாமல் நின்றுவிடலாம், சிலருக்கு நீர் திரும்பவும் கோக்கலாம். கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். போன வருஷம் ஆபரேஷன் முடிந்து அறைக்கு வந்த ஒரு சிறுமி, கண் விழித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அம்மா, ஏம்மா கத்துறே?" என்றாள். அவள் அம்மா வழக்கமாகப் பேசும் குரலில்தான் பேசியிருந்தார்.

நவம்பர் ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்புங்கள்.