சொந்தமாக என்கிரிப்ஷன் லைப்ரரி எழுதினால், அது வேகமாகவும் எல்லாக் கருவிகளிலும் சரியாகவும் ஓடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கற்றுக்கொள்வதற்கு என்றால் தாராளமாக எழுதுங்கள். வாடிக்கையாளர் தரவைப் பூட்டுவதற்கு என்றால் லிப்சோடியம் என்ற ஆயத்த லைப்ரரியை எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நான் எழுதியது முதல் வகை. சிங்கப்பூரில் என் செங்காங் வீட்டில் உட்கார்ந்து வார இறுதிகளில் சி மொழியில் எழுதிய சாச்சா20 என்ற என்கிரிப்ஷன் முறை.

பரவலாகப் பயன்படும் இன்னொரு முறையான ஏஇஎஸ்-க்கு இன்றைய இன்டெல் சிப்களில் தனிக் கட்டளைகளே உண்டு, அதனால் பறக்கும். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் அவை கிடையாது. அங்கே ஏஇஎஸ்-ஐ முன்பே கணக்கிட்ட அட்டவணை வைத்து எழுதினால் இன்னொரு தலைவலி: கேஷ் (சிப்பின் வேக நினைவகம்) எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று 2005-இல் என்கிரிப்ஷன் ஆய்வாளர் டேனியல் பெர்ன்ஸ்டீன் காட்டினார். அவரே 2008-இல் வெளியிட்ட சாச்சாவில் இருப்பது 32 பிட் கூட்டல், எக்ஸ்ஆர் (இரண்டு பிட் வேறுபட்டால் 1, இல்லாவிட்டால் 0), சுழற்றல், அவ்வளவுதான். எந்தச் சிப்பிலும் ஓடும்.

ஓடும்தான். சரியாக ஓடுகிறதா என்பதில்தான் ஏமாந்தேன். சாச்சா20-ஐ விவரிக்கும் ஆர்எஃப்சி 8439 என்ற ஆவணத்தில் 114 பைட் மாதிரி வாக்கியம் ஒன்றும் அதன் விடையும் இருக்கின்றன. என் மடிக்கணினியிலும் பை-யிலும் அச்சு அசலாக அதே விடை வந்தது. அப்புறம் பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் எட்டு வெள்ளிக்கு ஒரு பழைய ரௌட்டர் கண்ணில் பட்டது. யீஷூனில் ஒரு புளோக்குக்குக் கீழே நின்று வாங்கி வந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் மென்பொருளை ஏற்றினேன். அதில் ஒரு கோப்பைப் பூட்டித் திறந்தேன். அப்படியே திரும்பி வந்தது. சோதனை முடிந்தது என்று நினைத்து, பூட்டிய கோப்பை மடிக்கணினிக்குக் கொண்டுவந்து திறந்தால் வெறும் குப்பை.

அந்த ரௌட்டரின் மிப்ஸ் வகைச் சிப் பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும். சாச்சா தன் சாவியை லிட்டில் எண்டியனாக, அதாவது சிறிய பைட் முதலில் என்று, படிக்கச் சொல்கிறது. நானோ பைட்டுகளை மெம்காப்பி (அப்படியே நகலெடுப்பது) போட்டு நேராக 32 பிட் எண்ணில் கொட்டியிருந்தேன். மடிக்கணினி, பை இரண்டுமே லிட்டில் எண்டியன் என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. இன்னும் மோசம், இது எக்ஸ்ஆர் சமாச்சாரம், பூட்டுவதும் திறப்பதும் ஒரே கணக்கு: பூட்டும்போது செய்த அதே தப்பைத் திறக்கும்போதும் செய்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பூட்டித் திறந்து பார்ப்பதைச் சோதனை என்று அன்றோடு நான் சொல்வதில்லை. ஒவ்வொரு கருவியிலும் வெளியாள் எழுதிய விடையோடுதான் ஒப்பிடுகிறேன். நான்கு பைட்டையும் தனித்தனியாக நகர்த்திச் சேர்க்கும்படி மாற்றியபோது வேகம் போய்விடும் என்று பயந்தேன். ஜிசிசி கம்பைலர் அதைப் புரிந்துகொண்டு மடிக்கணினியில் ஒரே கட்டளையாக்கிவிட்டது.

அதே ஜிசிசி வேறு இடத்தில் காலை வாரியது. முதல் வேகச் சோதனையில் நினைவகத்தின் வேகத்தையே தாண்டி ஒரு எண் வந்தது! காப்பிக் கடையில் நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். "விடையை எங்கேயாவது பயன்படுத்துறியா?" என்று கேட்டார். இல்லை. யாருக்கும் வேண்டாத விடை என்று கம்பைலர் லூப்பையே தூக்கிப் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து தேடினால், வேலை முடிந்ததும் சாவியை அழிக்கப் போட்டிருந்த மெம்செட்டையும் அதே காரணத்துக்காக நீக்கியிருந்தது. கம்பைலர் நீக்காதபடி அழிக்கவே எக்ஸ்பிளிசிட்_பிஜீரோ இருக்கிறது.

நீளங்களில் 0, 1, 63, 64, 65 பைட்டுகளைக் கட்டாயம் ஓட்டுங்கள், சாச்சா ஒரு தடவையில் உருவாக்கும் பிளாக் 64 பைட் என்பதால். ஒரே செய்தியை முழுசாகவும் ஏழு ஏழு பைட்டாகவும் கொடுத்து விடை ஒன்றா என்றும் பாருங்கள். எனக்கு அங்கேயும் ஒரு பிழை மாட்டியது.

ரௌட்டர் கிடைக்காவிட்டால் வேறு சிப்பாக நடிக்கும் கியூஎமு மென்பொருள் போதும், பிக் எண்டியன் மிப்ஸாக நடிக்கும். வேகத்தை மட்டும் அதில் அளக்காதீர்கள்.